தாத்தாவோட தாத்தா எந்த ஊரு? கண்டிச்சீமை, மலேயா போன புதுக்கோட்டைக் குடும்பங்களின் வேரைத் தேடுவது எப்படி?

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) தொடங்கியதும் பல வீடுகளில் ஒரே தேடல்தான். 2002, 2005 பட்டியலில் அப்பா பேரு எங்கே இருக்கு, பாட்டி பேரு எந்தப் பாகத்தில் இருக்கு என்று செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய பெயருக்கே இவ்வளவு பாடு. அப்படியென்றால், நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறிப் போன ஒருவரின் பெயரை எங்கே போய்த் தேடுவது?

புதுக்கோட்டை மாவட்டத்தோடு தொடர்புள்ள குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். இந்தப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும் ஏராளமானோர் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலரோடு கடிதப் போக்குவரத்தே நின்றுபோனது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் ஓர் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். பிரிந்துபோன பங்காளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது சிலருக்கு ஆசை. இன்னும் சிலருக்கு அது சட்டத் தேவை. வெளிநாடு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டை எனப்படும் ஓ.சி.ஐ. அட்டைக்கு, இந்தியராக இருந்தவரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் கொள்ளுத்தாத்தா இந்தியர்தான் என்று காட்ட கையில் ஒரு காகிதமாவது வேண்டும்.

அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? எந்த வரிசையில் தேடினால் கிடைக்கும்? பார்ப்போம்.

மெக்சிகோவில் சுலபம், நமக்கு ஏன் சிரமம்?

வம்சாவளி தேடும் இணையதளங்களின் வழிகாட்டிகள் பெரும்பாலும் "குடும்பப் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள்" என்றுதான் தொடங்கும். மெக்சிகோவை எடுத்துக்கொண்டால் இது நன்றாகவே வேலை செய்யும். அங்கே ஒருவருக்கு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே தொடங்குகின்றன. 1859இல் அரசு சிவில் பதிவு முறை வந்தது. இவற்றில் பெரும்பகுதியை, 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் உட்பட, ஃபேமிலிசர்ச் தளத்தில் காசு இல்லாமலே தேடலாம்.

நம்ம கதை வேறு. நமக்கு இருப்பது இனிஷியல். கருப்பையா மகன் சின்னையா என்றால் க.சின்னையா. அவர் மகன் பழனிவேல் என்றால் சி.பழனிவேல். இரண்டே தலைமுறையில் கருப்பையாவின் அடையாளம் பெயரிலிருந்து போய்விடும். போதாததற்கு, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம் உண்டு. ஒரே ஊரில் பத்து கருப்பையா இருப்பார்கள்.

கணக்கெடுப்புத் தாள்களும் உதவாது. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் ரகசியம். யாரும் கேட்டுப் பார்க்க முடியாது.

எனவே, நமது தேடலுக்குச் சாவி மூன்று: ஊர், அப்பா பெயர், கிளம்பிய காலம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கருப்பையாவை இன்னொரு கருப்பையாவிலிருந்து பிரிக்க முடியும்.

முதலில் ஒரு கேள்வி: உங்க ஊர் அப்போ யார் கையில் இருந்தது?

இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் அலைந்தால் நேரம்தான் வீண். இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்று உருவானது. அதற்கு முன் இந்தப் பகுதி முழுக்க ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கவில்லை.

ஆலங்குடி, குளத்தூர், திருமயம் ஆகிய மூன்றும் தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த தாலுகாக்கள். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைக்கப்பட்டு, திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. அறந்தாங்கிப் பகுதியோ பிரிட்டிஷ் ஆட்சியின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது.

அதாவது, 1920இல் திருமயம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் கிளம்பியிருந்தால், அவர் ஊரைப் பற்றிய பதிவுகள் சமஸ்தான ஆவணங்களில் இருக்கும். அறந்தாங்கி பக்கம் என்றால் தஞ்சாவூர் மாவட்டத்தின் பழைய ஆவணங்களில் பார்க்க வேண்டும். 1955 என்றால் திருச்சி மாவட்டம்.

வெளிநாட்டு ஆவணங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊர்ப் பெயர்களை வெள்ளைக்கார அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். புதுக்கோட்டையே புதுக்கோட்டா, பூதூக்கோட்டா, தொண்டைமான் நாடு என்றெல்லாம் பதிவாகியிருக்கிறது. எனவே ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நிலம் இருந்த குடும்பமா? நிலப் பதிவேட்டில் தொடங்குங்க

நம் கிராமங்களில் தலைமுறை விவரம் நன்றாகக் கிடைக்கும் இடம் நில ஆவணம்தான். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு ஆகியவற்றை அரசின் இணையச் சேவையிலேயே சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். இவற்றில் தெரிவது இப்போதைய உரிமையாளர். பின்னோக்கிப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கிடைக்கும். இணையத்தில் இல்லாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும். அதில் வரும் பத்திர எண்ணை வைத்து மூலப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பழைய பத்திரங்களில் "இன்ன ஊரில் இருக்கும் இன்னார் மகன் இன்னார்" என்று எழுதுவது வழக்கம். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அண்ணன் தம்பி அத்தனை பேரும் அதில் வருவார்கள். "தற்சமயம் இலங்கையில் இருக்கும்" என்ற ஒரு வரி கண்ணில் பட்டால், அதைவிடப் பெரிய துப்பு கிடையாது.

இரண்டாவது வழி, பழைய செட்டில்மென்ட் பதிவேடுகள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முன்னால் நிலம் யார் பெயரில் இருந்தது என்பதை இவற்றில் பார்க்கலாம். சமஸ்தான ஊர்களுக்கு, திவான் சேஷய்ய சாஸ்திரி காலத்தில் 1888இல் நடந்த இனாம் செட்டில்மென்ட் ஆவணங்களும் முக்கியமானவை. கோயில் ஊழியம், ஊர்க்காவல், அரண்மனைச் சேவை என்று மானிய நிலம் அனுபவித்த குடும்பங்களின் விவரம் அதில் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டை சமஸ்தானம் பற்றி 1987இல் வெளியிட்ட நூலுக்கு இப்படிப்பட்ட ஆவணங்கள்தான் அடிப்படை.

சமஸ்தானம் பற்றிய அச்சு நூல்களும் கை கொடுக்கும். கே.ஆர்.வெங்கடராம அய்யர் தொகுத்த புதுக்கோட்டை சமஸ்தான மேனுவலில் ஊர் ஊராகக் குறிப்புகள் இருக்கின்றன. பழைய தமிழ் நூல், இதழ்களுக்குப் புதுக்கோட்டையிலேயே உள்ள ஞானாலயா ஆய்வு நூலகமும், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தெரிந்த இடங்கள். அரசு ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

நிலமே இல்லாதவர் பெயர் எங்கே இருக்கும்?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி, சொந்தமாகக் காணி நிலம்கூட இல்லாத குடும்பங்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அதிகம். ஊர்ப் பதிவேட்டைப் புரட்டினால் அவர்கள் பெயர் பெரும்பாலும் வராது. அவர்கள் பெயர் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது, ஊரை விட்டுக் கிளம்பிய பிறகுதான்.

இலங்கைக்குப் போனவர்களை அழைத்துப் போனது கங்காணி. அவர் பெரும்பாலும் தன் ஊர், தன் உறவு, பக்கத்து ஊர் ஆட்களையே திரட்டினார். அதனால் ஒரே தோட்டத்தில் ஒரே வட்டாரத்து ஆட்கள் சேர்ந்திருப்பது சகஜம். உங்கள் தாத்தா பெயர் கிடைக்கவில்லை என்றாலும், அதே தோட்டத்தில் இருந்த உங்கள் ஊர்க்காரர் யாராவது தெரிந்தால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம். மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் பிறந்ததே புதுக்கோட்டை சமஸ்தானத்து முனப்புதூரில்தான். அவரின் தந்தை கருப்பையா இங்கிருந்து போய், பிறகு வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எழுத்து, எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றைத் தொழிலாளிக்குக் கொடுத்து அனுப்பினார்கள். ராமநாதபுரம் கரையில் இருக்கும் மண்டபத்தில் நோய்த் தடுப்பு முகாம். அங்கே தங்கவைத்த பிறகே கடல் தாண்ட விட்டார்கள். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு தகரத் துண்டு கிடந்தால் பத்திரமாக வையுங்கள். எந்தத் தோட்டம் என்பதற்கு அதுவே சாட்சி.

காலத்தைக் கணிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. உதவியோடு மலேயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. இலங்கைத் தோட்ட வேலைக்குப் போக 1939இல் தடை வந்தது. ஆகவே, கங்காணியோடு போனவர் என்றால் பெரும்பாலும் அதற்கு முன்னால் போனவர்.

இலங்கையிலிருந்து வந்தவர்களா? கையில் இருக்கும் தாளைப் பாருங்க

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரின் கதி பேசப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் ஏராளம்.

ஆனால் அந்த நடைமுறை நிறையக் காகிதங்களை விட்டுச் சென்றிருக்கிறது. அவற்றில் முக்கியமானவை:

இந்தியக் கடவுச்சீட்டு: தாயகம் திரும்பியவர்களுக்கு இலங்கையிலேயே வழங்கப்பட்டது.

குடும்ப அட்டை: மறுவாழ்வு உதவிக்காகத் தரப்பட்டது. குடும்பத்தில் யார் யார் வந்தார்கள் என்பது இதில் தெரியும்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்: பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தந்தை பிறந்த இடம், பாட்டனார் பெயர், அவர் பிறந்த இடம் ஆகியவற்றுக்கும் அதில் கட்டங்கள் உண்டு. குடியுரிமையை முடிவு செய்ய வைத்த கட்டம், இன்று வம்சாவளி தேடுபவருக்கு வரமாகிவிட்டது. சான்றிதழின் நகலை இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்.

தோட்டத்து செக்ரோல்: யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற பேர்ப் பதிவு. தோட்டம் கை மாறும்போது இதில் நிறைய அழிந்திருக்கும். இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று என்று இருக்கும். பாட்டி சொல்லும் தோட்டப் பெயர் வரைபடத்தில் இல்லை என்றால், அவர் தவறாகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து டவுன் எது, எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள் என்று கேளுங்கள். மலையகம் தொடர்பான நூல்கள், மலர்கள், பழைய இதழ்கள் பலவற்றை நூலகம் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

மலேயா, மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா போனவர்கள்?

மலேசியாவிலும் நம் முறைப்படியே அப்பா பெயர்தான் தொடர்ந்தது. ஆனால் மலாய் மொழியில் 'அனாக் லெலாக்கி' (மகன்), 'அனாக் பெரும்புவான்' (மகள்) என்று எழுதுவார்கள். எனவே அங்குள்ள பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எதை எடுத்தாலும் ஒரு தலைமுறை மேலே தெரிந்துவிடும். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் இரண்டிலும் தேடும் வசதி உண்டு. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய பிரதிகள் சிங்கப்பூர் நூலக வாரியத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. மரண அறிவிப்பு, சங்கக் கூட்டச் செய்தி, நன்கொடைப் பட்டியல் என்று எதிர்பாராத இடத்தில் பெயர் தட்டுப்படலாம்.

19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் ஆவணங்கள் இவற்றைவிட விரிவானவை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். அவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். மொரிஷியஸ் போனவர்களின் பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பலரின் புகைப்படமும் அங்கே உண்டு.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல்

அரசு எழுதுவதற்கு முன்பே எழுதிவைத்த இடங்கள் இவை.

நகரத்தார் குடும்பம் என்றால் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றில் திருமணம் பதிவாகியிருக்கும். கல்யாணத்தில் எழுதும் 'இசைகுடிமானம்' என்ற ஒப்பந்தத் தாளிலும் இரு வீட்டாரின் விவரம் வரும். ராயவரம், கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை போன்ற ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். மதுரை மிஷன் காலத்திலிருந்தே பேர்பெற்ற ஆவூர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்குக் குலதெய்வக் கோயில். வேறெந்த விவரமும் தெரியாமல் வருபவர்கூட "எங்க சாமி இன்ன அய்யனார்" என்று சொன்னால் போதும், ஊர்ப் பெரியவர்கள் எந்த வகையறா என்று சொல்லிவிடுவார்கள். தலைக்கட்டு வரி நோட்டில் பங்காளிகள் வரிசையாக இருப்பார்கள். வெளிநாடு போனவருக்கும் சேர்த்து வரி கட்டிய குடும்பம் எது என்று விசாரித்தால், நெருங்கிய பங்காளி யார் என்பது பிடிபட்டுவிடும்.

பாட்டி பேரு எங்கே?

மேலே சொன்ன ஆவணங்களில் பெரும்பாலானவை ஆண்களின் பெயரையே சுமப்பவை. நில உரிமை, தலைக்கட்டு, இனிஷியல் எல்லாமே அப்பா வழி. பாட்டியின் பிறந்த வீட்டைத் தேடினால் பாதை அடைபட்டுப் போகும்.

இதற்கு புதுக்கோட்டைக்காரர்கள் கையில் ஒரு நல்ல ஆவணம் இருக்கிறது: மொய் நோட்டு. வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரங்களில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து களைகட்டும் என்பது ஊரறிந்த சேதி. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால், ஊர், பெயர், தொகை என்று பிசகாமல் எழுதியிருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து நோட்டுகளில் முதலில் வருவது தாய்மாமன் மொய். அந்த ஒரு வரியில் அம்மாவின் பிறந்த வீடும் ஊரும் கிடைத்துவிடும். அந்த வீட்டின் பழைய நோட்டைப் பார்த்தால், அதற்கு முந்தைய தாய்மாமன். இப்படியே பெண் வழியில் மேலே ஏறலாம்.

பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

டி.என்.ஏ. சோதனை செய்தால் தெரிந்துவிடாதா?

ஊர் தெரியாது. இந்தச் சோதனைகள் "தென்னிந்தியா" என்பது போன்ற பெரிய பகுதியைத்தான் காட்டும். உறவினர் பொருத்தம் கிடைக்க, அந்த உறவினரும் அதே நிறுவனத்தில் சோதனை செய்திருக்க வேண்டும். மலேசியாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தம் கிடைக்கலாம். திருமயம் பக்கத்துப் பங்காளி அதில் கிடைப்பது கஷ்டம்.

சரி, எங்கிருந்து தொடங்கலாம்?

1. வீட்டில் மூத்தவரிடம் பேசி, செல்போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். "உங்க தாத்தா யாரு?" என்று மட்டும் கேட்டால் பதில் சுருங்கிவிடும். எந்தச் சாமிக்கு முடி எடுத்தோம், யார் வீட்டுச் சாவுக்கு யார் கோடி போட்டார்கள், கண்டிச்சீமையிலிருந்து யார் மணியார்டர் அனுப்பினார்கள் என்று கேளுங்கள்.

2. ஊர், தாலுகா, அப்பா பெயர், கிளம்பிய காலம் நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் பக்கத்தில் குறியுங்கள்.

3. இறந்தவரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இறப்புச் சான்று, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறகு பிறப்புப் பதிவு. பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குத் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரியுங்கள். பதிவு இல்லை என்றால் "பதிவில் இல்லை" என்று எழுத்தில் சான்று வாங்குங்கள். சில விண்ணப்பங்களுக்கு அதுவும் தேவைப்படும்.

4. பெயர் ஒத்துப்போனதும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பெயர், ஊர், அப்பா பெயர் மூன்றும் இரண்டு வெவ்வேறு ஆவணங்களில் பொருந்தினால்தான் அது உங்கள் ஆள்.

5. ஆதார், கடவுச்சீட்டுப் படங்களை வாட்ஸ்ஆப் குழுக்களில் போடாதீர்கள். "ஓ.சி.ஐ.க்கு ஆவணம் தயார் செய்து தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை. போலி ஆவணத்தைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வது விண்ணப்பித்தவர்தான்.

இதில் எல்லாவற்றையும்விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. காப்பகத்தில் உள்ள பதிவேடு அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். வீட்டுப் பரணில் கிடக்கும் மொய் நோட்டும், செல்லரித்த கடிதமும், இலங்கை முத்திரை குத்திய கடவுச்சீட்டும் அப்படியில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதோ போகி அன்றோ ஒரே நாளில் போய்விடும். தூக்கிப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். படிக்கத் தெரியாத எழுத்தாக இருந்தாலும் எடுங்கள். அதைத் தேடிக்கொண்டு ஹட்டனிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ உங்கள் சொந்தக்காரர் ஒருவர் வரக்கூடும்.